சொல் விளக்கம்: வென்ட்

"கோ, வென்ட், கான்" என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துத்தான் நம்மில் பலரும் ஆங்கில இறந்தகாலத்தைக் கற்றோம். 'வாக்' என்றால் 'வாக்டு', 'பிளே' என்றால் 'பிளேடு'. அப்படியிருக்க, 'கோ'வின் சாயலே இல்லாத 'வென்ட்' எங்கிருந்து வந்தது? அது 'கோ'விலிருந்து வரவே இல்லை.

ஆங்கிலத்தில் 'வெண்ட்' என்று வேறொரு வினை உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் 'வெண்ட்'டின் கடைசி ஒலி 'வண்டி'யின் டகரம் போல மெலிந்தது, 'வென்ட்'டில் வருவது 'பட்டம்' என்பதில் உள்ளது போல வலிந்தது. பழைய ஆங்கிலத்தில் 'வெண்டன்' என்றால் திரும்புதல், திருப்புதல். பிறகு வழி திரும்பிப் போதல், பயணப்படுதல் என்று பொருள் விரிந்தது. அனுப்புதலைக் குறிக்கும் 'செண்ட்' இறந்தகாலத்தில் 'சென்ட்' ஆவதைப் போலவே 'வெண்ட்' என்பது 'வென்ட்' ஆனது. அதன் சொந்தக் குடும்பத்தில் அது ஒழுங்கான பிள்ளைதான்.

'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகாலம் 'ஏஒடெ'. வியப்பு என்னவென்றால், அதுவும் வேறு வேரில் பிறந்த சொல்லே. அது தேய்ந்து மறைய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியோ 'கோ'வின் வேரிலிருந்தே 'கேட்' என்று புதிதாக ஒன்றை ஆக்கிக்கொண்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்', இன்று 'வெண்டெட்' என்ற வடிவத்தோடு அரிதாக வாழ்கிறது.

இப்படி ஒரு வினையின் காலவடிவத்துக்கு வேற்று வேர் வந்து நிற்பதை 'மாற்றடி' என்று தமிழில் சொல்லலாம் என்பது என் எண்ணம். நம் வினைகளும் உருமாறுகின்றன: வா, வருகிறான், வந்தான், செல், சென்றான். ஆனால் வேர் மாறவில்லை. 'செல்' என்பதன் லகரம் றகரத்தோடு சேர்ந்து னகரமானது, அவ்வளவுதான். 'போயினான்' சுருங்கிப் 'போனான்' ஆயிற்று. 'போயிற்று' பேச்சில் 'போச்சு' ஆயிற்று.

சரி, 'வென்ட்'டுக்கு நேர்த் தமிழ் எது? பேச்சில் போனேன், எழுத்தில் சென்றேன் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி. தொல்காப்பியத்தில் 'செலவு' என்றால் போதல். தலைவன் பொருள் தேடிப் புறப்பட இருந்த பயணத்தை நிறுத்திவைப்பதற்குச் 'செலவழுங்கல்' என்று அழகான பெயரே உண்டு. இன்று அந்தச் 'செலவு' கையைவிட்டுப் போகும் பணத்துக்கு ஆகிவிட்டது. ஆக, 'செல்' இடம்பெயர்தலோடு நெருங்கிய சொல். 'போ'வோ நிலை மாறுவதற்கும் வரும். பால் கெட்டுப்போனதற்கும் ஆங்கிலத்தில் 'வென்ட்' போடலாம். அதைப் 'பால் கெட்டுச் சென்றது' என்று எந்தத் தமிழரும் எழுத மாட்டார். அங்கே 'போனது' மட்டுமே பொருந்தும். இன்னொன்று, யார் போனார் என்பதை 'வென்ட்' சொல்லாது. மொழிபெயர்க்கிறவர்தான் எழுவாயைப் பார்த்துப் போனேன், போனாய், போனார், போனது என்று தேர்ந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை 'டிட் யூ வென்ட்?' என்பது. இதற்காக அவர்களை யாரும் திட்ட வேண்டாம். "போனாயா?" என்ற நம் கேள்வியில் இறந்தகாலம் வினையோடேயே இருக்கிறது, அந்தப் பழக்கத்தில்தான் 'வென்ட்' வந்துவிடுகிறது. திருத்தும் வழியும் தமிழிலேயே இருக்கிறது. "நேற்றுப் போகவில்லை" என்கிறோம். "போனவில்லை" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் 'டிட்' வந்ததும் காலத்தை அது சுமந்துகொள்ளும், வினை வெறும் 'கோ'வாக நிற்கும். 'டிட் நாட் வென்ட்' என்பது ஆங்கிலக் காதுக்குப் "போனவில்லை" போலத்தான் கேட்கும் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.