வங்கியில் இருப்பதெல்லாம் உங்கள் பணமல்ல

ஸ்டார்ட்அப்களின் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர் நான். மூடும் நிலைக்கு வந்த கம்பெனிகளில் திரும்பத் திரும்பக் காண்பது, கைக்கு வந்த பணத்தையும் சம்பாதித்த பணத்தையும் ஒன்றாக நினைக்கும் குழப்பம்.

ஆன்லைன் கல்வி கம்பெனியான பைஜூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கை அது 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. நஷ்டம் சுமார் 4,588 கோடி ரூபாய். பல ஆண்டுப் பாடத்துக்கு வாங்கிய கட்டணத்தை எந்த ஆண்டின் வருமானமாகக் காட்டுவது என்பது அதில் பெரிய சிக்கல். பாடம் நடத்த நடத்தத்தான் அது வருமானம். அதுவரை மாணவருக்குப் பட்ட கடன். 2023 ஜூனில் ஆடிட்டரான டெலாய்ட் விலகியது. ஒரு காலத்தில் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட கம்பெனி, கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்க்காக 2024 ஜூலையில் திவால் நடைமுறைக்குள் போனது.

சின்ன கம்பெனிகளில் இதே குழப்பம் வரியில் வந்து நிற்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டி, சம்பளத்தில் பிடித்த வருமான வரியான டிடிஎஸ், ஊழியரின் பிஎஃப் பங்கு: பணம் முடை என்றால் முதலில் கைவைப்பது இவற்றில்தான். "அடுத்த ரவுண்டு முதலீடு வந்ததும் கட்டிடலாம் சார்" என்பார்கள். பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டாவிட்டால் மாதம் 1.5 சதவீத வட்டி. ஜிஎஸ்டிக்கு ஆண்டுக்கு 18. பிரைவேட் லிமிடெட்தானே, நம்மைத் தொடாது என்று பலர் நம்புகிறார்கள். தொடும். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வரிக்கு, தன் அலட்சியம் காரணமல்ல என்று நிரூபிக்காத டைரக்டரே பொறுப்பு. பெயருக்கு டைரக்டராகக் கையெழுத்துப் போட்ட மனைவிக்கோ அப்பாவுக்கோ இதை விளக்குவதுதான் என் வேலையில் மிகவும் வலிக்கும் பகுதி.

வரிக்கென்று தனி கரன்ட் அக்கவுண்ட் வைத்துவிடுங்கள். பில் பணம் வந்த அன்றே ஜிஎஸ்டியும், சம்பள நாளன்றே டிடிஎஸ்ஸும் பிஎஃப்பும் அங்கே போகட்டும். மீதியை வைத்து மட்டும் எத்தனை மாதம் ஓடும் என்று பாருங்கள்.

அப்புறம், ஓடாத கம்பெனியை அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். தொடர்ந்து 3 ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர் 5 ஆண்டுக்குத் தகுதி இழப்பார். 2017இல் 3 லட்சம் பேருக்கு மேல் அப்படி இழந்தார்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், சப்ளையர் பாக்கி, வரி, மூடும் செலவு எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று மாதாமாதம் கணக்கிடுங்கள். வங்கி இருப்பு அந்தத் தொகையை நெருங்கும் மாதத்தில் ஆள் எடுப்பதையும் விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு, முதலீட்டாளர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.