ஏலக்காய்த் தோட்டத்தில் திருடன் புகுந்தால் சட்டம் எதுவரை துணைநிற்கும்?

காய் விலை ஏறினால் போதும், வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ராத்திரியில் சரம் (காய்க்கொத்து) அறுப்பவர்களைப் பற்றிய பயமும் ஏறிவிடும். கம்பத்திலும் போடியிலும் வீட்டை வைத்துக்கொண்டு இடுக்கியில் தோட்டம் பார்க்கும் நம் ஆட்கள் பலர், "என் தோட்டத்துக்குள் வந்தவனை வெட்டினால் கேஸ் நிற்காது" என்று நம்புகிறார்கள். அப்படி நம்பி அரிவாளை எடுத்தால் ஜெயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுவே சட்டம். தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் உயிர், பொருள் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டக்காரருடையதையும் காக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது. போலீஸ் உதவியைப் பெற நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

செடியில் சரம் அறுப்பவனைத் தடுக்கலாம், மடக்கலாம். உயிரை எடுக்கக் கூடாது. அவன் அரிவாளை ஓங்கி, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்று நியாயமாகவே அஞ்சும் நிலை வந்தால் அது வேறு. பூட்டிய ஸ்டோரும் வேறு. குடியிருக்கும் வீட்டைப் போலவே, சரக்கு வைத்திருக்கும் கட்டடத்துக்கும் சட்டம் காவல் தருகிறது. பொழுது சாய்ந்து விடிவதற்குள் அதை உடைத்து நுழைபவனைத் தடுக்க வேறு வழியின்றி மரணமே நேர்ந்தாலும் பிரிவு 41 உங்களைக் காக்கும். அந்தக் கட்டடத்துக்குத் தீ வைப்பவனையும், அடித்துப் பறிப்பவனையும் தடுக்கும்போதும் இதுவே.

சாக்கைப் போட்டுவிட்டு ஓடுபவனின் முதுகில் வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. பொருள் கைக்கு வந்ததும் அதற்கான உரிமை முடிந்துவிடும். பிடித்தவனைக் கட்டிவைத்து அடிப்பதும் குற்றமே. 2018-ல் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று பிடித்து அடிக்கப்பட்ட பழங்குடி இளைஞர் இறந்தார். 14 பேர் குற்றவாளிகள் என்று 2023-ல் மன்னார்க்காடு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசித்தவரை அடித்துக் கொன்றதை எந்தப் பிரிவாலும் நியாயப்படுத்த முடியாது. ஆளைப் பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

வேலியில் மெயின் லைனிலிருந்து நேராகக் கரண்ட் விடவே விடாதீர்கள். அத்துமீறி வருபவர்களைத் தடுக்க ஒருவர் மின்கம்பி கட்டி, அதில் ஓர் உயிர் போன பீகார் வழக்கில், அது தற்காப்பு ஆகாது என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டுதான். பயிர்க் காவலுக்கென்று, குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது லைசென்ஸிலேயே இருக்கும்; மாநில எல்லையில் குமுளியோ போடிமெட்டோ தாண்டும் முன் அதைப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால், தற்காப்பு நிரூபணமானாலும் அந்த வழக்கு தனியாக வரும்.

ஏதாவது நடந்துவிட்டால் உடனே 112-ஐ அழையுங்கள். உடைந்த பூட்டையும் கிடக்கும் அரிவாளையும் தொடாமல் விடுங்கள். உங்கள் காயத்தை அரசு மருத்துவமனையில் பதிய வையுங்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் ஐயத்துக்கே இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதே நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் போதும்.