குளிர்காலத்தில் சைக்கிளை ஒதுக்காதீர்கள்: சளியை விடுங்கள், விரலையும் வெயிலையும் கவனியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜூன் என்றால் குளிர்காலம். அது தொடங்கிவிட்டால் கிளினிக்குக்கு வருகிற நம்மூர் ஆட்களில் நாலு பேராவது சொல்லிவிடுவார்கள்: "சைக்கிளை மூட்டை கட்டிட்டேன் டாக்டர், இனி செப்டம்பர்லதான்." ஏன் என்று கேட்டால் சளி பிடிக்குமாம், நெஞ்சில் குளிர் இறங்குமாம், ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் திட்டுகிறார்களாம். ஜோகன்னஸ்பர்க்கின் வடக்குப் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். நானும் சைக்கிளில்தான் கிளினிக் போகிறேன், குளிர்காலத்திலும். குளிருக்காகச் சைக்கிளை ஒதுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் குளிரில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, கேட்பதெல்லாம் சளியைப் பற்றித்தான்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அது ஜன்னலை மூடிய அறையில், கூட்டம் நெருக்கிய மினிபஸ் டாக்ஸியில், ஹீட்டர் போட்ட மீட்டிங் ரூமில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. திறந்த சாலையில் தனியாகப் பெடல் மிதிப்பவருக்கு அந்த விஷயத்தில் ஆபத்து குறைவுதான். இங்கே ஃப்ளூ சீசன் பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது காதில் பஞ்சு வைப்பதைவிடப் பயனுள்ளது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் ஹைவெல்ட் எனும் இந்த மேட்டுநிலத்தில் சைக்கிளுக்கு ஏற்ற பருவமே குளிர்காலம்தான் என்பேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மதியம் மூன்று மணிக்கு மேல் எப்போது இடி இடிக்கும், எப்போது ஆலங்கட்டி விழும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும். ஜூனுக்கு அப்புறம் வாரக்கணக்கில் ஒரு பொட்டு மழை கிடையாது. சாலை காய்ந்து கிடக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், மேடு ஏறினாலும் சட்டை நனையாது, ஆபீஸில் குளியலறை தேட வேண்டியதில்லை. ஜூலையில் அதிகாலை 4 டிகிரி இருக்கும், மதியம் 16, 17 வரை ஏறிவிடும். முதல் பத்து நிமிஷம்தான் கஷ்டம். அதைத் தாண்டி ஒரு மேடு ஏறியதும் உடம்பு உள்ளிருந்து சூடாகி, முகத்தில் மட்டும் குளிர்ந்த காற்று படும் அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, அதற்காகவே நான் விடிகாலையில் எழுகிறேன். ஆடி மாதம் கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் இறங்கி அந்தச் சூடான கூழை வாங்கிக் குடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

(டர்பன்காரர்கள் இதைப் படித்தால் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். உங்களுக்கு ஜூலை என்பது புழுக்கம் இல்லாத நல்ல காலம், அவ்வளவுதான். கேப் டவுனில் கதையே வேறு, அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். நான் எழுதுவது ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு.)

முதலில் உடை. வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் நீங்கள் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், கிளம்பும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். பருத்தி பனியன் மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டால் பாதி வழியில் வியர்த்து, பனியன் ஈரமாகி, ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில் முதுகு ஜில்லிட்டுப்போகும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய துணி அல்லது கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட், இது போதும். காற்றைத் தடுப்பதுதான் முக்கியம். வெளியே 4 டிகிரி என்றால், மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவரின் தோலுக்கு அது கிட்டத்தட்ட 0 டிகிரி.

அடுத்து மூச்சு. ஆபீஸ் போய்ச் சேர்ந்து சைக்கிளைப் பூட்டி, லிஃப்டில் ஏறியதும் இருமல் தொடங்குகிறது, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, அரை மணியில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று வருகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். அவர்கள் அதைக் குளிர் ஏறிவிட்டது என்பார்கள். ஓட்டும்போது இல்லாமல் நிறுத்திய ஐந்து பத்து நிமிஷத்தில் வருகிறது என்பதே இங்கே பெரிய துப்பு. வேகமாக மிதிக்கும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம், வறண்ட குளிர்காற்று மூக்கில் சூடாகாமல் நேரே உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, குழாய் சுருங்குகிறது. சிறு வயதில் வீசிங் இருந்து மறந்துபோனவர்களுக்கு இது அதிகம். கிளினிக்கில் உட்காரவைத்து ஊதச் சொன்னால் எல்லாம் நார்மல் என்று காட்டும், அதனால் எப்போது வருகிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வது, முதல் பத்து நிமிஷம் மெதுவாக மிதிப்பது, இவை இரண்டுமே பலருக்குப் போதுமானவை. போதாதவர்களுக்குக் கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் எடுக்கும் இன்ஹேலர் உண்டு, அதை டாக்டர் பார்த்துத் தர வேண்டும். நண்பருடைய நீல இன்ஹேலரை வாங்கி அடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அதைத் தினமும் தேட வேண்டியிருந்தால் அடியில் ஆஸ்துமா இருக்கலாம், அதற்கு வேறு மருந்து வேண்டும்.

புகையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே தேங்கி, அதன் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். கரி அடுப்பு, விறகு, குப்பை, காய்ந்த புல்லில் பற்றும் தீ, எல்லாப் புகையும் அந்த மூடிக்குக் கீழேதான். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். ஓடை, ஆற்றுப் பள்ளங்களில் இது இன்னும் மோசம், குளிரும் அங்கேதான் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆபீஸில் பேசி ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்ப முடிந்தால் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

இப்போது விரல்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "கை மரத்துப்போகுது டாக்டர்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

இரண்டு கையிலும் எல்லா விரல்களும் மரத்து, வீட்டுக்குள் வந்து சூடாகும்போது சுரீரென்று வலித்தால் அது வெறும் குளிர். நல்ல கிளவுஸ் போடுங்கள், ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் வகை கதகதப்பானது. மரத்த கையைச் சுடுதண்ணீரில் விடவே கூடாது, ஹீட்டர் மேல் வைக்கவும் கூடாது. உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டாவது வகையில் ஒன்றிரண்டு விரல்கள் கோடு போட்டதுபோல் ஓரிடத்திலிருந்து நுனி வரை வெளுத்துப்போகும், பிறகு நீலமாகும், கடைசியில் சிவக்கும். நம் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது, நகத்தின் அடியைப் பாருங்கள். ரேனாடு என்று சொல்லும் இது பெரும்பாலும் தொந்தரவு மட்டும்தான். ஆனால் முப்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல்நுனியில் புண் வந்தாலோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலரும் குளிர் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மட்டும் மரக்கும். கிளவுஸ் மேல் கிளவுஸ் போட்டாலும் போகாது, மதியம் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும்போதும் இருக்கும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு நரம்பு தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிறது. ஹேண்டில்பாரில் உடம்புப் பாரத்தை அந்த இடத்தில் சாய்த்தால் நரம்பு நசுங்குகிறது. குளிர்காலத்தில் அதிகமாவதற்குக் காரணம் இருக்கிறது: தடித்த கிளவுஸில் பிடி தெரியாததால் இறுக்கிப் பிடிக்கிறோம், குளிருக்குத் தோளைக் குறுக்கி, முழங்கையை மடக்காமல் விறைத்து முன்னால் சாய்கிறோம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கினால் நரம்பு பலவீனமாகியிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். மரப்பு மட்டும் என்றால் சைக்கிளைச் சரிசெய்தாலே போகும். சீட்டின் முன்பக்கம் கீழே சரிந்திருந்தால் உடம்பு கைமேல் விழும், அதை மட்டமாக்குங்கள், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், அடிக்கடி பிடியை மாற்றுங்கள். சரியாகச் சில வாரங்கள் ஆகலாம். எந்த வகையாக இருந்தாலும், பிரேக்கை அழுத்தும் விரலில் உணர்ச்சி இல்லையென்றால் இறங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் இறக்கத்தில் போக வேண்டும்.

வெயில் பற்றி. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது, மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடுகிறது. அதாவது வேலைக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் சூரியன் சாலை மட்டத்தில் நிற்கிற நேரம். அதோடு நம்மூர் போலில்லாமல் குளிர்காலச் சூரியன் இங்கே வடகிழக்கில் எழுந்து வடக்குப் பக்கமாகவே போகும். புதிதாக வந்தவர்கள் எந்தத் தெருவில் எப்போது கண் கூசும் என்பதை இதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருந்தால், உங்கள் பின்னால் வரும் பக்கி (பிக்கப் வண்டி) ஓட்டுநரின் முகத்துக்கும் அதே வெயில்தான், நீங்கள் அவர் கண்ணில் படுவதே சந்தேகம். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வந்து வலப்பக்கம் திரும்பப்போகிறவருக்குக் கண் கூசுகிறது. அந்த இருபது நிமிஷத்துக்கு வேறு தெருவில் போங்கள், இல்லையென்றால் கொஞ்சம் காத்திருங்கள். பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட் பகலுக்குத்தான், இருட்டில் அது சாம்பல் நிறம். இருட்டில் வேலை செய்வது ஹெட்லைட்டைத் திருப்பி அடிக்கும் பட்டை. அதை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டினால் மேலும் கீழும் அசைவதால் ஓட்டுநருக்கு "சைக்கிள்" என்று உடனே புரியும். மின்வெட்டிலோ கேபிள் திருட்டிலோ ரோபோ எரியவில்லையென்றால் அது நான்கு பக்கமும் நிற்க வேண்டிய சந்திப்பு. முதலில் வந்தவர் நீங்களாக இருந்தாலும் எதிராளியின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படியே கட்டாயம், குல்லா மேல் ஹெல்மெட் போடுகிறவர்கள் வாரைத் திரும்ப அளவு பார்த்துக்கொள்ளுங்கள், தடித்த குல்லா என்றால் ஹெல்மெட் தலையில் உட்காராது. இருட்டில் வழிப்பறிப் பயமும் உண்டு, அதை மறைத்து எழுத முடியாது. ஒரே பக்கம் போகிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிளம்புவதுதான் நான் கண்ட நல்ல வழி.

எரிச்சல்களில் முதலிடம் முள்ளுக்கு. வறண்ட மாதங்களில் சாலை ஓரமெல்லாம் நெருஞ்சி காய்ந்து கிடக்கும், நம்மூர் நெருஞ்சியேதான், டயரில் குத்தினால் விடாது. குளிரில் விரல் மரத்த கையோடு டியூப் மாற்றுவது பெரும்பாடு. உள்ளே பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிவிடுவது நல்லது. அப்புறம் ஆகஸ்டில் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊருக்கும் பொருந்தும். திறந்த வெளியில் பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளைச் சாலை நடுவே தள்ளும், புழுதி கண்ணில் விழும், சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். காலையில் தோட்டத் தண்ணீர் வழிந்த நடைபாதையில் மெல்லிய பனிக்கட்டி இருக்கலாம், அங்கே பிரேக் பிடிக்காமல் நேராக உருள விடுங்கள். உதடு வெடிப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் இந்த வறண்ட காற்றால்தான். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். மூக்குக்குள் இரவில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கடைசியாக இதயம். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், அந்த நேரத்தில் திடீரென்று மேடு ஏறினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது. அதனால் நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் உள்ளவர்கள், பல வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு இந்த ஜூலையில் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள், முதலில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தோ டர்பனிலிருந்தோ வந்து இறங்கியவர்கள் முதல் இரண்டு வாரம் மெதுவாக ஓட்டுங்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்குவது இயல்பு. மேடு ஏறும்போது நெஞ்சு நடுவில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்வியர்வை இருந்தால் வாயு என்று சொல்லிக்கொண்டு மிதிக்காதீர்கள். அங்கேயே இறங்கி உட்கார்ந்து 10177 அல்லது செல்போனிலிருந்து 112 அழையுங்கள். சைக்கிளை யாராவது பிறகு எடுத்து வருவார்கள்.