மூடிய ஆலையின் மண்ணை மீட்கும் முன் ஊரைக் கேளுங்கள்

மாசுபட்ட நிலங்களை ஆய்வு செய்வதுதான் என் வேலை. துளை போட்டு மண் எடுப்போம், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம், நஞ்சு எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடம் போடுவோம். சில ஆண்டுகளுக்கு முன், மூடிக் கிடந்த ஒரு ரசாயன ஆலைக்கு இப்படி வரைபடம் போட்டு முடித்து, ஊர்க்காரர்களிடம் காட்டப் போனோம். கூட்டம் வைத்தது வார நாளில், காலை 11 மணிக்கு. ஊரில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்புக்கும் கட்டட வேலைக்கும் போயிருந்தார்கள். வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம். வரைபடத்தில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஓர் அம்மா முன்னால் வந்து, ஆலைச் சுவருக்கு வெளியே ஒரு இடத்தில் விரல் வைத்தார். "இங்க ஏன் சார் நீங்க தோண்டல? எங்க மனையெல்லாம் பள்ளம். அந்தக் கம்பெனி மண்ணத்தான் டிராக்டர்ல கொண்டாந்து கொட்டி மேடு பண்ணோம். சும்மாவே குடுத்தாங்க."

அவர் சம்மதத்தோடு திண்ணையோரம் சிமெண்டுத் தரையை ஒரு முழம் உடைத்துப் பார்த்தோம். கீழே பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மண், குரோமியம் என்ற உலோகம் கலந்த கழிவின் நிறம். அந்தத் திண்ணையில்தான் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள். மூன்று மாதம் நாங்கள் போட்ட துளைகளில் ஒன்றுகூட அந்தத் தெருவில் இல்லை. சுவருக்குள் ஒழுங்காகக் கட்டம் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தோம். கழிவு எந்தத் தெருவுக்கு எந்த வண்டியில் போனது என்பது ஊருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை.

இந்த வகைக் கழிவு எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு ராணிப்பேட்டையைப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்டது. வளாகத்தில் விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருக்கும் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் எளிதாகக் கரையும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலை மூடியபோது பிறந்த குழந்தைக்கு இன்று முப்பது வயது.

தண்ணீரைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், போகிற ஊரிலெல்லாம் கேட்கிறார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீர் மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று அர்த்தம். தெளிவாக இருக்கிறது என்பதால் நல்ல தண்ணீர் என்றும் ஆகாது. கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு இன்னும் கூடத்தான் செய்யும். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்க்கும் சாதாரணச் சோதனையில் இது தெரியவே தெரியாது. குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

சரி, நிலத்தை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை நிபுணர்களிடம் விட்டுவிடுவது வழக்கம். ஆனால் அங்கே நாளை என்ன வரப்போகிறது என்று முடிவாகாமல் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கிடங்கு கட்டுகிற இடத்தில் ஏற்கத்தக்க அளவு, குழந்தைகள் மண்ணில் விளையாடி அதே கையை வாயில் வைக்கும் இடத்தில் ஏற்கத்தக்கதல்ல. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை நிலத்தில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அந்த மண் சோலைக்காட்டின் விளிம்பில் இருக்கிறது, மழை பெய்தால் ஓடையில் இறங்கும், ஆகவே இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஊரும் முன்னாள் தொழிலாளர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். என் பார்வையில் அவர்கள் கேட்டது நியாயம்தான். அளவைத் தளர்த்தி வைத்தால் செலவு மிச்சம், ஆனால் அந்த ஓடைக்குக் கீழே இருப்பவர்கள்தான் அதைச் சுமக்க வேண்டும்.

பல இடங்களில் கழிவை முழுக்க அள்ள முடியாது. களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மழைநீர் இறங்காமல் மூடுவோம், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்போம். அப்படி மூடிய இடத்தில் பிறகு போர் போடக் கூடாது, ஆழமாக வேர்விடும் மரம் வைக்கக் கூடாது. அது தெரியாமல் பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் கடைக்கால் தோண்டினால் பாடுபட்டதெல்லாம் வீண். பத்திரத்தில் மட்டும் எழுதி வைத்தால் போதாது, தெருவில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சி அமைப்போ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். உங்கள் ஊரில் மூடிய ஆலை இருந்தால், கிராம சபையில் தீர்மானம் போட்டு, எழுத்து மூலம் புகார் கொடுத்து, அந்தப் பட்டியலில் இடம்பெற வையுங்கள். கழிவு மண் எங்கெல்லாம் கொட்டப்பட்டது என்பதையும் தெருப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

அந்த ஊரில் அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்தோம். கோயில், தண்ணீர் டேங்க், ரேஷன் கடை எல்லாம் தமிழில் குறித்த வரைபடம். மண் கொட்டிய இடங்கள் இன்னும் ஆறு என்று காட்டினார்கள். முதலில் எல்லோரும் விளையாட்டு மைதானம் கேட்டார்கள். எது முடியும், எது முடியாது என்று விளக்கிய பிறகு, மூடிய பகுதியில் சோலார் தகடுகள், சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த ஓரத்தில் அங்கன்வாடி என்று பேசி முடிவு செய்தார்கள்.

திண்ணையை உடைக்க விட்ட அந்த அம்மாவும் வந்திருந்தார். அங்கன்வாடிக்குக் கடைக்கால் தோண்டினால் வருகிற மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டார். எங்கள் திட்ட அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. தோண்டும் மண்ணைச் சோதிப்பது, தார்ப்பாய் மூடி எடுத்துப் போவது, எந்த வண்டி எங்கே போகிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் பதிவேடு வைப்பது என்று ஒரு பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தோம்.