வெட்டுக் கோட்டில் நூல் எந்தப் பக்கம் இழுக்கும்?

எம்பிராய்டரி டிஜிட்டைசிங்கில், அதாவது இயந்திரம் தைப்பதற்கான வடிவத்தைக் கணினியில் தயாரிக்கும் வேலையில், ஒரு வடிவத்தின் குறுக்கே மென்பொருளின் கத்திக் கருவியால் கோடு போட்டால் அது இரண்டாகிவிடும். சில நொடி வேலைதான். திரையில் பார்த்தால் இரண்டு துண்டும் ஒட்டியே இருக்கும். தைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கீற்றாகத் துணி தெரியும். வெட்டியது சரியாகத்தான் இருக்கிறது. நூல் என்ன செய்யும் என்பதைத்தான் நாம் யோசிக்கவில்லை.

மென்பொருளில் ஆப்ஜெக்ட் என்பது தையல் அல்ல, தையல் போடுவதற்கான குறிப்பு. எல்லைக் கோடு, தையல் வகை, நூல் ஓடும் கோணம், வரிகளின் இடைவெளி, அண்டர்லே (மேல் தையலுக்கு முன் அடியில் போடும் தையல்), ஊசி நுழையும் இடம், வெளியேறும் இடம் எல்லாம் அதில் அடங்கும். வெட்டும்போது எல்லைக் கோடு இரண்டாகிறது. உடனே மென்பொருள் ஒவ்வொரு துண்டுக்கும் தையல்களைப் புதிதாகக் கணக்கிடுகிறது. டிஎஸ்டி போன்ற தையல் கோப்பில் இந்தக் குறிப்புகள் கிடையாது. ஊசி அடுத்து எவ்வளவு நகர வேண்டும் என்பது மட்டும் 0.1 மி.மீ. அலகில் இருக்கும், ஒரு நகர்வு அதிகபட்சம் 12.1 மி.மீ. அங்கே வெட்டினால் தையல் வரிசைதான் துண்டாகும், கோணம் மாறாது. அதனால் வெட்டும் வேலையை, ஆப்ஜெக்ட் குறிப்புகள் உள்ள மூலக் கோப்பிலேயே முடித்துவிடுவது நல்லது.

நாம் வெட்டாவிட்டாலும் மென்பொருள் வெட்டத்தான் செய்கிறது. ‘ப’ என்ற எழுத்தைக் கிடைமட்ட வரிகளால் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். மேல்பகுதியில் ஒவ்வொரு வரியும் இரண்டு கால்களையும் தொடும், நடுவில் வெற்றிடம். ஊசியால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் தைக்க முடியாது. ஒரு காலை முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போகும். அதற்குள் துணி சற்று நகர்ந்திருந்தால், இரண்டாவது கால் அடிப்பட்டையைத் தொடும் இடத்தில் இணைப்பு தெரியும். நாமே வெட்டினால் அந்த இணைப்பு எங்கே விழ வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

இப்போது அந்த ‘ப’வைக் கையால் வெட்டுவோம். இரண்டு கால்களும் முழு உயரத்துக்கு, நடுவே அடிப்பட்டை. கால்களில் நூல் கிடைமட்டம், பட்டையில் செங்குத்து. ஒவ்வொரு தையலும் இழுவிசையால் தன் இரு முனைகளையும் உள்ளே இழுக்கும். அதனால் நூல் ஓடும் திசையில் வடிவம் சுருங்கும், குறுக்குத் திசையில் கொஞ்சம் பரவும். காலின் தையல்கள் வெட்டுக் கோட்டில் முடிகின்றன, ஆகவே கால் பின்வாங்கும். பட்டையின் தையல்கள் கோட்டுக்கு இணையாக ஓடுகின்றன, ஆகவே பட்டை காலை நோக்கி நகரும். ஒன்று விலக ஒன்று நெருங்குவதால் இடைவெளி ஓரளவு அடைபடும். இரண்டிலுமே நூல் கோட்டில் வந்து முடிந்தால்தான் பெரிய சிக்கல்: இரண்டும் விலகும், துணி எட்டிப் பார்க்கும். இரண்டிலும் நூல் கோட்டுக்கு இணையாக இருந்தால் அங்கே தையல் குவிந்து தடித்துவிடும்.

இதற்குத் தீர்வு ஓவர்லாப். முதலில் தைக்கப்படும் துண்டை அடுத்த துண்டின் அடியில் சுமார் 1 மி.மீ. நீட்டிவிட்டுத் தொடங்கலாம். பின்னல் துணி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஒரே நிறம், ஒரே கோணம் என்றால் நேர்கோட்டு வெட்டு தழும்பு மாதிரித் தெரியும். வளைத்து வெட்டினால் கண்ணில் படாது. மேலே இன்னொரு ஆப்ஜெக்ட் வரப்போகிறது என்றால் வெட்டை அதன் அடியில் ஒளித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

சாட்டின் என்ற பட்டைத் தையலில் நூல் இரண்டு ஓரங்களுக்கும் இடையே போய் வருவதால், குறுக்கு வெட்டு இரண்டு ஓரங்களையும் தாண்டியாக வேண்டும். பட்டை 8 மி.மீ.க்கு மேல் அகலமானால் நூல் தொளதொளவென்று எதிலாவது சிக்கும். நீளவாட்டில் பிளந்து இரண்டு பட்டையாக்கினால் தையல் குறுகும். ஆனால் அப்போது எல்லா நூலும் பிளவுக் கோட்டில்தான் முடிகிறது, ஓவர்லாப் கட்டாயம்.

அப்புறம், வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் தனி நுழைவும் வெளியேற்றமும் உண்டு. அவை தூரமாக இருந்தால் இயந்திரம் முடிச்சுத் தையல் போட்டு, நூலை அறுத்து, மறுபடி தொடங்கும். முதல் துண்டின் வெளியேற்றத்தையும் இரண்டாவதன் நுழைவையும் வெட்டுக் கோட்டருகே நகர்த்தி வைத்தால் ஊசி நிற்காமல் கடந்துவிடும்.