டீசலுக்குப் பதில் பயோடீசல்: விதி எதுவரை அனுமதிக்கிறது?

"பயோடீசல் கிடைக்கும், டீசலைவிட மலிவு" என்று சாலையோரம் போர்டு கண்ணில் பட்டால் லாரி ஓட்டுபவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நம் நாட்டு விதிப்படி, பி100 என்கிற சுத்தமான பயோடீசலை (தாவர எண்ணெய், சமைத்து மிஞ்சிய எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் எரிபொருள்) விற்பது டீசலோடு கலப்பதற்காக. அதை மட்டுமே ஊற்றி டேங்கை நிரப்பிக்கொள்ள அல்ல. 2019 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. சில்லறையில் விற்பவர் மாநில அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்கு பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607-படி இருக்க வேண்டும்.

2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு, 2030-க்குள் டீசலில் 5 சதவீத பயோடீசல். அதற்கு முந்தைய 2009 கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் என்று ஆசைப்பட்டது. தரிசில் காட்டாமணக்கை நட்டு, விதையிலிருந்து எண்ணெய் எடுத்தால் போதும் என்றார்கள். சொன்ன விளைச்சல் வரவில்லை. இப்போது பலரின் கண்ணும் வடைச்சட்டியில் மிஞ்சும் எண்ணெய் மேல்தான்.

இது கடைக்காரர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் டிபிசி அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள் கணக்கு எழுதி, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ரூக்கோ' திட்டம் இதற்காகத்தான். கறுத்த எண்ணெய் மறுபடி தள்ளுவண்டிக்குப் போகாமல் இருந்தாலே பெரிய லாபம் என்பேன்.

சரி, எஞ்சினுக்கு? நல்லது நிறையவே உண்டு. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை, புகையும் கரித்துகளும் குறையும், பம்புக்கு வழவழப்பு கூடும். எளிதில் தீப்பிடிக்காது என்பதால் சேமித்து வைக்க டீசலைவிடப் பாதுகாப்பு. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் சற்றுக் கூடலாம். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பி100-ல் சுமார் 8 சதவீதம் குறைவு. விலையை ஒப்பிடும்போது மைலேஜையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 சதவீதம் பயோடீசல் கலந்த பி20 கலவையில் இந்த வித்தியாசம் 1 முதல் 2 சதவீதம்தான்.

பழைய வண்டிக்குத்தான் சிக்கல். டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடை பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும். அது நேராக ஃபில்டரில் போய் அடைக்கும். வண்டி இழுக்காமல் திணறினால் முதலில் அங்கே பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸும் ஊறி இளகும். ஈரத்தை இழுக்கும் குணம் இருப்பதால் மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் கெட்டுப்போகும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிரில் சீக்கிரம் உறையும், ஆனால் அது ஊட்டிக்காரர்கள் கவலை. மதுரையில் தொல்லை இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து போலிச் சரக்கு. தொழிற்சாலை எண்ணெயையும் கரைப்பான்களையும் கலந்து 'பயோடீசல்' என்று விற்றவர்கள் மீது குஜராத்தில் அரசு நடவடிக்கை எடுத்திருக்கிறது. அதனால் வாங்கும் இடத்தில் பதிவுச் சான்றையும் தரச்சான்றையும் கேளுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். அப்புறம், எத்தனை சதவீதம் வரை கலக்கலாம் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். அந்த அளவைத் தாண்டிப் பழுதானால் வாரண்டி கேட்டு நிற்பது கஷ்டம்.