டாயேரா: மாவட்டமா, மன்றமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவுவிலை வீடு வாங்கித் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்து சேர்ந்தார். போன மாதம் கையில் இரண்டு தாள்களோடு என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இதிலும் டாயேரா என்று போட்டிருக்கிறது, அதிலும் டாயேரா என்று போட்டிருக்கிறது. ஒன்றைக் கட்டிவிட்டேன். அதே பணத்தை மறுபடியும் கேட்கிறார்களா?"

ஒரு தாளின் தலைப்பு 'பெஜாபாட் டாயேரா டான் தானா', மலாயில் மாவட்ட நில அலுவலகம். மற்றதன் தலைப்பு 'மஜ்லிஸ் டாயேரா', மாவட்ட மன்றம். முதலாவது நிலவரி, இரண்டாவது வீட்டுக்கான மதிப்பீட்டு வரி. இரண்டும் வேறு வேறு பணம், வேறு வேறு கருவூலத்துக்குப் போகிறது. அக்காவின் குழப்பத்தில் எந்தத் தவறும் இல்லை. ஒரே சொல்லை இரண்டு நிறுவனங்கள் தங்கள் பெயரில் வைத்திருக்கின்றன. தமிழில் அவற்றுக்குத் தெளிவான தனித்தனிப் பெயர்கள் இருந்தும் நம் பேச்சில் அவை புழங்குவதில்லை. இந்தச் சொல்லைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

டாயேரா மலாயில் பிறந்த சொல் அன்று. அரபு மொழியின் 'தாயிரா' கடல் கடந்து வந்து இந்த உருவம் கொண்டது. அதன் வேர் சுழலுதல், சுற்றி வருதல் என்ற பொருளைத் தருவது. ஆகவே தாயிரா என்றால் வட்டம். ஒரு மையம், அதைச் சுற்றி ஓர் எல்லை, அந்த எல்லைக்குள் ஓர் அதிகாரம் என்று அதன் பொருள் விரிந்து, அரபு நாடுகளில் அரசுத் துறைக்கும் அதே சொல் வழங்குகிறது. மலாயில் அது நிலப்பகுதியைக் குறிக்க நின்றுவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். மாவட்டம் என்ற சொல்லைப் பிரித்தால் மா, வட்டம். மாநகர், மாநிலம் என்பவற்றில் வரும் அதே 'மா' இது, பெரிய என்று பொருள். மாவட்டம் என்பது பெரிய வட்டம். அரபுக்காரரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலேயே ஆட்சிப் பரப்பை வட்டம் என்று எண்ணியிருக்கிறார்கள். தமிழில் இந்த எண்ணம் பழையது. தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்பவற்றின் மண்டலமும் வட்டம் என்ற பொருளுடைய வடசொல்தான். ஆகவே டாயேரா என்பதை மாவட்டம் என்று எழுதும்போது பொருளையும் படிமத்தையும் ஒருசேரக் கொண்டுவருகிறோம். இவ்வளவு பொருந்தி வரும் மொழிபெயர்ப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை.

எங்கள் பாட்டனார் தலைமுறைக்கு மாவட்டம் என்ற சொல் தெரியாது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "ஊரில் எந்த ஜில்லா?" என்பதுதான். தஞ்சாவூர் ஜில்லா, சேலம் ஜில்லா, திருச்சி ஜில்லா. ஜில்லாவும் அரபு வழியில் வந்ததே. விலா எலும்பு, பக்கம் என்ற பொருளுள்ள சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் வந்து ஆட்சிச் சொல்லானது. தாலுகாவும் தாசில்தாரும்கூட அந்த வழியில் வந்தவர்களே. 1956-இல் தமிழகத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் ஜில்லா மாவட்டமானது, தாலுகா வட்டமானது, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். நம்மவர் கப்பலேறியது அதற்கெல்லாம் வெகு முன்பு. அவர்கள் ஜில்லாவைச் சுமந்து வந்தார்கள். மாவட்டம் நமக்குப் பள்ளிப் புத்தகம் வழியாகவும் நாளிதழ் வழியாகவும் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால்தான் அது இன்னும் படிக்கும் சொல்லாகவே இருக்கிறது, பேசும் சொல்லாக மாறவில்லை.

மலேசியாவில் மாவட்டம் என்பது என்ன? மாநிலத்தின் ஆட்சிப் பிரிவு. பேராக்கில் இன்று 12 மாவட்டங்கள், சிலாங்கூரில் 9. பெர்லிஸ் மிகச் சிறியது, அங்கே மாவட்டமே கிடையாது. கிளந்தானில் சொல்லே மாறிப்போகிறது. அங்கே மாவட்டத்துக்கு 'ஜஜாஹான்' என்று பெயர், டாயேரா என்பது அதற்கு உட்பட்ட சிறு பிரிவு. கிளந்தான் செய்தியைத் தமிழாக்கும் நிருபர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும். சபா, சரவாக்கில் மாவட்டத்துக்கு மேலே 'பஹாகியான்' என்று ஒரு பெரும்பிரிவு உண்டு.

மாவட்டத்தின் தலைவர் மாவட்ட அதிகாரி. நம் மக்கள் வாயில் அவர் 'டி.ஓ.'. தமிழகத்து மாவட்ட ஆட்சியரோடு ஒப்பிடத்தக்க பதவிதான், உறவும் உண்டு. பிரிட்டிஷார் இந்தியாவில் பழகிய ஆட்சிமுறையையே 1874-ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு இங்கும் கொண்டுவந்தார்கள். தொடக்க காலத்தில் இங்கிருந்த மாவட்ட அதிகாரிகளுக்குக் கலெக்டர் என்ற பெயரே இருந்தது. நிலம், நிலவரி, அரசின் வளர்ச்சித் திட்டங்கள் ஆகியவற்றை மாநில அரசின் சார்பில் பார்ப்பது இந்த அலுவலகம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே அக்காவின் முதல் தாள், நிலவரி, மாநில அரசுக்குப் போவது.

மாவட்டத்துக்குள் 'முக்கிம்'. இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. அரபு மொழியில் முகீம் என்றால் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருப்பவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நிலையான குடிகள் நாற்பது பேர் வேண்டும் என்பது ஷாஃபிஈ மரபு. அப்படி ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடிகள் வாழும் பகுதி முக்கிம் ஆனது. முதலில் ஆள், பிறகு அந்த ஆளின் ஊர். முக்கிமின் தலைவர் பெங்குலு. அதில் உள்ள 'ஹுலு' என்பதற்கு மலாயில் தலை என்றும் ஆற்றின் மேற்பகுதி என்றும் பொருள். தலையிலிருந்து தலைவர் பிறந்த அதே வழியில் ஹுலுவிலிருந்து பெங்குலு பிறந்திருக்கிறார். இங்கே பக்கத்தில் ஓடும் பெர்னாம் ஆற்றின் மேற்பகுதிக்கு ஹுலு பெர்னாம் என்று பெயர். நம் வயல்காட்டுச் சொல்லில் சொன்னால் தலைமடை.

முக்கிமுக்குத் தமிழ்ச்சொல் வேண்டுமா? மாவட்டத்துக்கு உட்பட்டது என்பதால் 'வட்டம்' என்று எழுதலாம் என்பார்கள். நான் முக்கிம் என்றே எழுதுவேன். நிலப் பட்டாவில் 'கிரான் முக்கிம்' என்றே அச்சாகி வருகிறது. மக்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். தாளில் உள்ள சொல்லும் செய்தியில் உள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் உதவி.

இனி இரண்டாவது தாள். மஜ்லிஸ் என்பதும் அரபுதான். உட்காருமிடம் என்பது அதன் அடிப்பொருள், உட்கார்ந்து பேசும் அவை என்பது வளர்ந்த பொருள். தமிழில் இதற்கு மன்றம் என்பதைவிடச் சிறந்த சொல் இல்லை. மன்று என்றால் ஊரார் மரத்தடியில் கூடும் பொதுவிடம். அங்கே அமர்ந்து வழக்குப் பேசினார்கள், முடிவு எடுத்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு மணிமன்றம் என்ற இளைஞர் அமைப்பின் வழியாக இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம். எனவே மஜ்லிஸ் டாயேரா என்பது மாவட்ட மன்றம். மஜ்லிஸ் பெர்பண்டாரான் நகராண்மைக் கழகம், மஜ்லிஸ் பண்டாராயா மாநகர் மன்றம். நகராண்மையில் உள்ள ஆண்மையை வேறாகப் புரிந்துகொண்டு சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆள் என்ற வினையோடு மை சேர்ந்து வந்த ஆண்மை அது. ஆளுதல், நடத்துதல் என்று பொருள். வேளாண்மையிலும் மேலாண்மையிலும் இருப்பது இதுவே.

இந்த மூன்று வகைகளையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் ஊராட்சி மன்றம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழகத்தில் வெறுமனே ஊராட்சி என்றால் கிராமப் பஞ்சாயத்துதான். அதற்கு மேலே பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எனத் தனித்தனி. நமக்கு மாநகர் மன்றமும் ஊராட்சியில் அடக்கம். சென்னையிலிருந்து வரும் விருந்தாளியிடம் "ஈப்போ ஊராட்சி மன்றம்" என்றால் அவர் ஏதோ ஒரு சிற்றூரை நினைத்துக்கொள்வார். இரண்டு வழக்கும் சரியானவையே, எந்த நாட்டில் நின்று பேசுகிறோம் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

மாவட்டமும் மாவட்ட மன்றமும் ஒரே எல்லை கொண்டவை அல்ல. பேராக்கில் மாவட்டங்கள் 12, ஊராட்சி மன்றங்கள் 15. சிலாங்கூரில் 9 மாவட்டங்களுக்கு 12 மன்றங்கள். பெட்டாலிங் மாவட்டத்தில் மட்டும் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா என மூன்று மாநகர் மன்றங்கள் இயங்குகின்றன. எங்கள் பக்கமே நல்ல எடுத்துக்காட்டு. 2016 வரை சிலிம் ரிவரும் தஞ்சோங் மாலிமும் தாப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருந்தன. ஆனால் அந்த மாவட்டத்துக்குள் தாப்பாவில் ஒரு மன்றம், தஞ்சோங் மாலிமில் ஒரு மன்றம். குப்பை எடுக்காவிட்டால் கேட்கவேண்டிய இடம் தஞ்சோங் மாலிம், நிலப் பிரச்சினை என்றால் தாப்பா. 2016 ஜனவரியில் முவாலிம் என்ற பெயரில் பேராக்கின் 11-ஆவது மாவட்டம் பிரிந்தது. அதற்கு முன் 2009-இல் கம்பார் பிரிந்தது, அதற்குப் பின் 2017-இல் பாகான் டத்தோ. முவாலிம் என்றால் அரபு மொழியில் ஆசிரியர். 1922-இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை, இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தை, அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. ஆசிரியர் தொழிலில் காலம் கழித்த எனக்கு அந்த மாவட்டத்தின் பெயரை எழுதும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி.

ஊராட்சி மன்றத்தை நடத்துவது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மிகாமல். அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, மீண்டும் நியமிக்கலாம். தேர்தல் இல்லை. முன்பு இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் மக்கள் தங்கள் நகர உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1965 மார்ச்சில் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை முற்றாகவே நீக்கியது.

அந்த இடைவெளியில் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய 1965-இல் அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைவர், மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். அப்போது 374 ஊராட்சி அமைப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சீராக்கும்படியும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களைத் தொடரும்படியும் ஆணையம் பரிந்துரைத்தது. அறிக்கை 1968-இல் முடிந்து 1971-இல் வெளிவந்தது. சீரமைப்பு நடந்தது, தேர்தல் திரும்பவில்லை. அவருடைய துணைவியார் ஜானகி ஆதி நாகப்பனை, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கணவர் தலைமை தாங்கிய அந்த அறிக்கையையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊரை 30 குடும்புகளாக, அதாவது சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை அதில் இருக்கிறது. அது நிலமுடைய பிராமணர் சபை, எல்லாருக்குமான வாக்குரிமை அன்று என்பதை மறைக்கக்கூடாது. ஆனாலும் பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சபையின் குழுக்களில் ஒன்றின் பெயர் தோட்ட வாரியம். வாரியம் என்ற சொல்லை நாம் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியத்தில் இன்றும் வைத்திருக்கிறோம்.

ஆனால் நம் தோட்டத்துக்கு ஒரு வாரியம் இருந்ததா? இதுதான் என்னை உறுத்துவது. தோட்டம் மாவட்டத்துக்குள் இருந்தது, முக்கிமுக்குள் இருந்தது, வரைபடத்தில் எல்லா வட்டங்களுக்குள்ளும் இருந்தது. ஆனால் அது தனியார் நிலம். உள்ளே சாலை, தண்ணீர், குப்பை, லயத்துக் கூரை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீட்டுவசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் கடமையை முதலாளி மேல்தான் வைக்கிறது. கால்வாய் அடைத்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணியிடம் சொல்வோம், கங்காணி எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். பெங்குலு எங்கள் லயத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. மன்றத்துக்கு நாங்கள் வரி கட்டியதும் இல்லை, கேட்கப் போனதும் இல்லை. இரண்டு மூன்று தலைமுறை அப்படி வாழ்ந்தவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கு வந்தவுடன் இரண்டு தாள்களைக் கையில் வாங்கினால் எப்படி விளங்கும்?

ஆகவே தமிழில் எழுதுகிற, பேசுகிற அனைவரிடமும் நான் கேட்பது இது. பெஜாபாட் டாயேராவை மாவட்ட அலுவலகம் என்றும், மஜ்லிஸ் டாயேராவை மாவட்ட மன்றம் என்றும் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுங்கள். 'மாவட்டத்தில் புகார் செய்தனர்' என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? நிலம், பட்டா, நிலவரி என்றால் அலுவலகம். குப்பை, கால்வாய், தெருவிளக்கு, கடை உரிமம், மதிப்பீட்டு வரி என்றால் மன்றம். நிலவரி ஆண்டுக்கு ஒரு முறை, வழக்கமாக மே இறுதிக்குள். மதிப்பீட்டு வரி ஆண்டில் இரண்டு தவணை, பிப்ரவரி இறுதியும் ஆகஸ்டு இறுதியும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன், சுருக்கமாகத்தான். அவர் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளின் மூலையில் 'நிலம்' என்றும் மற்றதன் மூலையில் 'மன்றம்' என்றும் எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டம்மாவுக்கும் இதே தாள் வந்திருக்கிறது என்று சொல்லி, பேனாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.